உடைந்த மணல்

திருநகரைத் தாண்டித் திருமங்கலத்துக்குப் போகும் சாலையில், கட்டடங்கள் ஓய்ந்து கரிசல் தலைகாட்டும் இடத்தில், நாற்புறமும் தகரம் அடைத்த பட்டறை ஒன்று இருக்கிறது. துருப்பிடித்த இரும்பின்மீது காற்றழுத்தத்தால் மணலை அடித்து, பழைய வண்ணத்தையும் துருவையும் உரித்தெடுப்பது அங்கே நடக்கும் தொழில். வீட்டுக் கதவு, அரிசி ஆலை இயந்திரத்தின் உறுப்பு, டிராக்டர் பெட்டி, எப்போதேனும் ஒரு பழைய கார் என எது வந்தாலும் ஒரு பகலில் அது தோலுரித்த ஆட்டைப் போல வெளுத்து நிற்கும்.

குழாய்க்குள் நுழையும்போது மணல் மணலாகத்தான் இருக்கும். இரும்பில் மோதித் திரும்பும்போது அது உடைந்துவிடும். உடைந்த மணலுக்குக் கனம் கிடையாது. ஆடிக் காற்றில் அது தகரத்தின் மடிப்பிலும், வேப்பிலையிலும், கொடியில் காயும் பள்ளிச் சீருடையிலும் போய் அமரும். சோற்றுப் பானையை மூடியே வைத்திருந்தாலும் முதற்கவளம் பல்லில் நறநறக்கும். இரும்பைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று சாலையோரப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தவர்கள், இந்த மணலைச் சுத்தம் செய்பவர் யார் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. எழுதத்தக்க செய்தியாக அஃது அவர்களுக்குத் தோன்றவுமில்லை.

அந்த வேலையைச் செய்தவள் கனகா. அவளுடைய கணவன் பீமாராவ் மணல் அடிக்கும் குழாயைப் பிடிப்பவன். பட்டறையின் பின்புறம் கல்நார்த் தகடு வேய்ந்த ஓர் அறையில், நான்காம் வகுப்புப் படிக்கும் மகள் பவதாரிணியுடன் அவர்கள் குடியிருந்தார்கள். வேலை இருக்கும்வரை அறையும் இருக்கும் என்பது பேச்சு. பட்டறையின் உரிமையாளர் காசிமாயன், தம்மை முதலாளி என்று அழைப்பதை விரும்பாதவர். "மொதலாளி என்னப்பா மொதலாளி, அண்ணேன்னு கூப்பிடு" என்பார். அண்ணன் என்னும் சொல் மற்றவர்களைக் கடமைக்கு உட்படுத்தும். காசிமாயனை அது கடமையிலிருந்து விடுவித்திருந்தது.

கனகாவுக்கு முன்னால் அந்த இடத்தைக் கூட்டியவன் சுடலை. அவளுக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. மாசி மாதத்தில் அவன் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுச் செக்கானூரணியில் உள்ள தன் வீட்டுக்குப் போனவன், வேலைக்குத் திரும்பி வரவில்லை. அந்த விளக்குமாற்றைத்தான் கனகா எடுத்தாள். எடுத்த நாள் முதல் அவள் தண்ணீர் தெளித்தே கூட்டினாள். வாசலாக இருந்தாலும் களமாக இருந்தாலும் தெளிக்காமல் கூட்டும் பழக்கம் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு இல்லை. அதுவரை வந்த இரும்பெல்லாம் அடித்த அன்றே வண்டியேறிப் போய்விட்டதால், அவள் தெளித்த தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை.

அழகுபாண்டியின் கார் வந்த பிறகுதான் அது பேச்சாயிற்று.

எழுமலைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த அழகுபாண்டி, இப்போது திருநகரில் எண்ணெய்க் கடை வைத்திருந்தார். அவருடைய தந்தை வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், பருத்திக் கொட்டகையில் பல ஆண்டுகள் கிடந்து மக்கியிருந்தது. ஆவணியில் மகள் தாமரைச்செல்விக்குத் திருமணம். மணப்பெண் அந்தக் காரில்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. பீமாராவ் ஒரு பகல் முழுவதும் நின்று அதை உரித்தான். சக்கரங்களைக் கழற்றிக் கட்டைகளின்மேல் நிறுத்திய காரை நகர்த்த இயலாது. கதவுகளும், என்ஜினை மூடும் முன்மூடியும் சாக்கின்மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மறுநாள் நண்பகலுக்குப் பிறகு வண்ணம் பூசும் மருது வந்து முதற்பூச்சு அடிப்பதாக ஏற்பாடு.

மறுநாள் விடிந்ததும் கனகா வாளியுடன் வந்தாள். எப்போதும் போலவே கையால் அள்ளி வீசித் தெளித்தாள். புழுதி அடங்கி மண்வாசம் எழுந்தது. பாதித் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது காசிமாயனும் அழகுபாண்டியும் காரில் வந்து இறங்கினார்கள்.

அழகுபாண்டி வேறெதையும் பார்க்கவில்லை. முன்மூடியின் அருகே போய், உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த வண்டியிலதேன் எங்கம்மா எழுமலைக்கு மருமகளா வந்து எறங்குச்சு, மாப்ள. இப்ப அம்மணமா நிக்கிது பாரு" என்றார்.

"ஆவணிக்குள்ள பட்டுக் கட்டி விட்டுருவோம், விடுங்க" என்று சிரித்த காசிமாயனின் பார்வை, சாக்கின்மேல் இருந்த கதவுகளில் விழுந்தது. சிரிப்பு நின்றது. "ஏத்தா கனகா, இங்கிட்டு வா. இது என்னன்னு சொல்லு."

கனகா குனிந்து பார்த்தாள். வெளுத்த இரும்பில் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாக முளைத்திருந்தது.

"துருவுண்ணே."

"துருவு இல்லாத்தா, அம்மை. கதவுக்கு அம்மை போட்டுருக்கு. நேத்துப் பூராம் உம் புருசன் அடிச்சு வெள்ளியாட்டம் ஆக்கிப் போட்டான். நீ என்னடான்னா பன்னீர் தெளிச்சு வரவேற்பு வச்சிருக்க."

"தூசிக்குத் தெளிச்சேண்ணே. தெளிக்காம எப்படிக் கூட்டுறது?"

"கூட்டிக் கோலம் போடப் போறியாக்கும்?"

"கதவு மேல பட்டது தப்புத்தேன். பச்சத் தண்ணிக்கு இம்புட்டு வெரசாத் துருப்பிடிக்கும்னு தெரியாமச் செஞ்சுட்டேன்" என்றாள் கனகா. சொல்லும்போது அவள் தலையைக் குனியவில்லை. தவற்றை ஒப்புக்கொள்பவர் தரையைப் பார்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. காசிமாயன் அவர்களுள் ஒருவர்.

"பீமா, இந்தக் கதவு ரெண்டையும் மறுபடி அடி. ஏத்தா, நீ கேட்டுக்க. இனிமே தகரத்துக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வரக்கூடாது. மருது வாரதுக்குள்ள தரை, டிக்கி, சேசிஸு ஓட்டை, எல்லாம் துடைச்சு வச்சாப்புல இருக்கணும். ஒரு பொட்டு மணலு கெடந்தாலும் பெயிண்டுல ஒட்டிக்கிரும். வறட்டுக் கூட்டாக் கூட்டு. சேசிஸுக்குள்ள ஏர் விட்டு ஊது."

"வறட்டுக் கூட்டா நான் கூட்ட மாட்டேண்ணே."

காசிமாயன் காதில் விழாதவரைப் போல அழகுபாண்டியைத் தேநீருக்கு அழைத்துக்கொண்டு போனார். மறுப்பைக் கேட்கவில்லை என்று காட்டிக்கொண்டால் மறுப்பு இல்லாமற்போய்விடும் என்பது அவர் கண்ட வழி.

பீமாராவ் கதவுகளை மீண்டும் அடித்து முடிக்கப் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. அவன் தலையில் இருந்த கவசத்தைக் கழற்றினான். பட்டறையில் அதைத் தொப்பி என்பார்கள். தோளையும் மார்பையும் மறைக்கும் தோல்மடிப்பும், முகத்துக்குக் கண்ணாடியும், உச்சியில் குழாயும் உடையது. கம்ப்ரசரில் இருந்து வடிகட்டிய காற்று அந்தக் குழாய் வழியாக உள்ளே வரும். பட்டறையில் இருந்தது அந்த ஒரு தொப்பிதான்.

அறையில் கனகா கம்மங்கூழைக் கரைத்து வைத்திருந்தாள். மோர் மிளகாயும் சின்ன வெங்காயமும் தட்டில் இருந்தன. பீமாராவ் ஒரு வாய் குடித்துவிட்டு நாக்கைத் துழாவி, ஒரு மணலைத் துப்பினான்.

"அண்ணே கோவமாப் போயிருக்காரு" என்றான்.

"போகட்டும்."

"போகட்டும்னா? பிள்ளைக்கு இங்கனக்குள்ளதேன் பள்ளிக்கூடம். ரூமக் காலி பண்ணுன்னா எங்கிட்டுப் போறது? எங்கப்பன் கருப்பு, ஊரான் காட்டுல குனிஞ்சு குனிஞ்சு நிமிர முடியாமச் செத்தாரு. நாந்தேன் மொத மொதல்ல ஒரு தொழில்னு கத்துக்கிட்டு வந்தேன்."

"அந்த மனுசன் ஒனக்குப் பீமாராவுன்னு பேரு வச்சது, நீயும் குனிஞ்சுக்கிட்டே நிக்கிறதுக்கா?"

"பேச்ச வளக்காத கனகா. ஒரு தடவ முந்தானைய இறுக்கிக் கட்டிக்கிட்டுக் கூட்டிரு. ஒரு காருதான."

"சுடலையண்ணனும் ஒவ்வொரு தடவையும் ஒரு கதவுதானன்னுதேன் கூட்டுச்சு."

பீமாராவ் ஒரு மோர் மிளகாயை எடுத்துக் கடித்தான்.

"போன ஞாயித்துக்கெழம பாத்தமே, சொல்லு. தண்ணிச் சொம்பத் தூக்கி வாயில வைக்கிறதுக்குள்ள எத்தன தடவ கீழ எறக்கி வச்சுச்சு? வாங்கன்னு சொல்ல ஒரு மூச்சு, மாப்ளன்னு சொல்ல இன்னொரு மூச்சு. நெஞ்சுப் படத்தப் பாத்த டாக்டரு, எம்புட்டு நாளா இருமல்னா கேட்டாரு? என்ன வேல பாத்தன்னுல்ல மொதக் கேள்வி கேட்டாராம்."

"அவன் பீடி குடிப்பான்."

"பீடி குடிச்ச ஊரெல்லாம் சொம்பத் தூக்க முடியாமயா கெடக்கு? ஒன் மனசுக்குத் தெரியும். தெரிஞ்சுதேன் பீடிமேல போடுற."

"சரித்தா. நான் கூட்டுறேன். தொப்பிய மாட்டிக்கிட்டு நானே கூட்டி, நானே ஊதிவிடுறேன். ஒனக்கு வம்பு வேணாம்."

கனகா கூழ்ச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கு நீ கூட்டுவ. நாளைக்கு, பொம்பள எதுக்குன்னு என்னை நிப்பாட்டிருவாரு. நாளன்னைக்கு இன்னொருத்திய முந்தானையோட கூட்டியாந்து நிறுத்துவாரு. அவ கூட்டுவா. எனக்கு இந்த வேல வேணும். செய்யிறதுக்கும் தெம்பிருக்கு. மணலு அடிக்கிறவனுக்குத் தொப்பி, அடிச்ச மணல அள்ளுறவளுக்கு முந்தானையா? யாரு அடிக்கிறவன், யாரு கூட்டுறவன்னு பாத்தா அது மூக்குல ஏறுது?"

"தொப்பி அடிக்கிறவனுக்குத்தான குடுத்துருக்கு."

"அப்ப நான் கேட்டு வாங்கிக்கிறேன்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதிலும் நறநறத்தது.

வெயில் சாயத் தொடங்கியபோது காசிமாயன் திரும்பி வந்தார். கையில் தூக்குச் சட்டி நிறையப் பருத்திப்பால். கோபத்தை ஆற்றிவிட்டதற்கு அஃது அடையாளம். பட்டறையில் யாரேனும் முறைத்துக்கொண்டால் பருத்திப்பாலோ பரோட்டாவோ வரும். கேட்ட பொருள் மட்டும் வராது.

"சூடா இருக்கு, குடிங்க. பிள்ளைக்கும் எடுத்து வையி. என்ன, கூட்டியாச்சா?"

"இல்லண்ணே. இங்கிட்டு வந்து இதக் கொஞ்சம் பாருங்க" என்றாள் கனகா.

முன்மூடியின்மேல் ஓர் உள்ளங்கையும் ஐந்து விரல்களும் செம்பழுப்பாகப் பதிந்திருந்தன. வியர்த்த கையை வெறும் இரும்பு விடாது. ரேகைகூடத் தெரிந்தது.

காசிமாயன் தொண்டையைச் செருமினார். "அது... உப்புத்தாள் போட்டுத் தேச்சாப் போயிரும்."

"எந் தண்ணியும் உப்புத்தாள் போட்டாப் போயிருக்கும்லண்ணே. அவரு கைய வச்சா ஆசை, நான் தெளிச்சா அம்மையா?"

"அவரு வண்டி. அவரு தொடுவாரு."

"அது நெசந்தேன். வண்டி அவருது. நெஞ்சு என்னது. அதுல மணலு போகக்கூடாதுன்னு நான் சொல்றேன்."

"இப்ப என்னதேன் செய்யணுங்குற?"

"தெளிக்கக் கூடாதுன்னா தெளிக்கல. தொப்பியக் குடுங்க. கம்ப்ரசரப் போட்டு விடுங்க. வறட்டுக் கூட்டாவே கூட்டி, சேசிஸையும் ஊதித் தாரேன்."

காசிமாயன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே பீமாராவைப் பார்த்தார், அவன் சிரிக்கவில்லை.

"வெளக்கமாத்துக்குத் தொப்பியா? கேள்விப்பட்டா திருமங்கலமே சிரிக்கும்த்தா. இன்னைக்குக் கூட்டுறவளுக்குத் தொப்பி. நாளைக்கு டீ வாங்கியாறவன் கவசகுண்டலம் கேப்பான்."

"டீக்கடையில மணலடிச்சா அவனுக்கும் குடுக்க வேண்டியதுதேன்."

"எதுத்து எதுத்துப் பேசுற. உங்கள நான் வேத்தாளா நெனச்சிருக்கேனா? ரூமு குடுத்து, கரண்டு குடுத்து, நல்லது கெட்டதுக்கு வந்து நிக்கிறேன்ல?"

"வந்து நிக்கிறீகண்ணே. இல்லேங்கல. சுடலையண்ணன் வீட்டுக்கு ஒரு தடவ போய் நிண்டிகளா?"

காசிமாயன் தூக்குச் சட்டியின் மூடியை எடுத்து அழுத்தி மூடினார். பிறகு அவளைப் பார்க்காமல் பீமாராவிடம் பேசினார்.

"பீமா, நான் போயி மருதுவையும் அழகுபாண்டி அண்ணனையும் கூட்டிக்கிட்டு வாரேன். வரும்போது இந்த எடம் சுத்தமா இருக்கணும். தண்ணியும் இருக்கக் கூடாது, தொப்பியும் இருக்கக் கூடாது. இல்லேன்னா சாமான் சட்ட வெளிய இருக்கணும். ஒம் பொஞ்சாதிக்கு எடுத்துச் சொல்லு."

அவருடைய கார் சாலையில் திரும்பி மறையும்வரை இருவரும் நின்றார்கள்.

கனகா சேலையை இழுத்துச் செருகினாள். ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. உள்ளே கணவனின் வியர்வையும் எண்ணெயும் கலந்த வாடை. தோல்மடிப்பைத் தோளில் இறக்கிக் கழுத்துப் பட்டையை இறுக்கினாள். மணல் பட்டுப் பட்டு மங்கிய கண்ணாடிக்கு அப்பால் கார் ஒரு வெள்ளை மூட்டையைப் போலத் தெரிந்தது.

பீமாராவ் வந்து பட்டையைச் சரிசெய்தான்.

"பிடரி வலிக்கும். பைய நிமிரு. காத்து வாரப்ப காதுல ஊய்ங்கும், பயந்துக்கிராத."

அவள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து ஏதோ சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை. ஆனால் அவள் கை எங்கே நீண்டது என்று தெரிந்தது. கம்ப்ரசர், தகரத்துக்கு வெளியே வேம்படியில் இருந்தது. அதன் பொத்தானுக்கு அருகே போய் அவன் நின்றான். அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே பவதாரிணியின் பழைய புத்தகங்களும், மூன்று தட்டுகளும், பாயும் தெரிந்தன. ஒரு தட்டுவண்டிகூட நிரம்பாத சாமான். அவன் அவற்றைப் பார்த்தான். பிறகு பொத்தானை அழுத்தினான்.

கம்ப்ரசர் உறுமி எழுந்தது.

கனகா முதலில் தகரத்தின் மடிப்புகளைத் தட்டினாள். பிறகு தரையைக் கூட்டினாள். காய்ந்த மணல் எழும்பி அவளைச் சூழ்ந்தது. சூழ்ந்த மணல் கண்ணாடியில் மோதிச் சரிந்தது. உள்ளே வந்த காற்றில் டீசல் வாடை இருந்தது, மணல் இல்லை. குழாய் எட்டுமிடம் வரை கூட்டுவாள். எட்டாத இடம் வந்தால் திரும்பி நின்று குழாயைச் சுண்டி இழுப்பாள். தரை முடிந்ததும் டிக்கிக்குள் உடம்பை நுழைத்து மூலைகளைத் தூரிகையால் சுரண்டினாள். கடைசியாகச் சேசிஸுக்கு வந்தாள். அடியில் ஓடும் அந்தச் சட்டம் உள்ளே கூடானது. மரச் சுத்தியலால் தட்டிவிட்டு, ஓர் ஓட்டையில் காற்றுத் துப்பாக்கியை வைத்து ஊதினால், மறு ஓட்டையில் இருந்து மணல் பீறிட்டுக் கொட்டும். நின்றுவிட்டது என்று நினைத்து மீண்டும் தட்டினால் மீண்டும் கொட்டும். உளுந்து மூட்டையைச் சாய்த்தாற்போலக் கொட்டியது. இதை அள்ளாமல் வண்ணம் பூசியிருந்தால் மணப்பெண்ணின் காலடியில் தெருவெல்லாம் சிந்தியிருக்கும்.

காசிமாயனின் கார் வந்து நின்றபோது தகரத்தின் மேல்விளிம்பில் இருந்து புழுதி புகையைப் போல எழுந்துகொண்டிருந்தது. பூச்சு டப்பாக்களுடன் இறங்கிய மருது மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டான்.

"என்ன மாப்ள, தீயா?" என்றார் அழகுபாண்டி.

காசிமாயன் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். "ஏத்தா! யாரக் கேட்டுடி தொப்பிய எடுத்த?" என்னும் குரல் வெளியே கேட்டது. கனகாவுக்குக் கேட்கவில்லை. தொப்பிக்குள் காற்றின் இரைச்சல். அவள் குனிந்து அடுத்த ஓட்டையில் துப்பாக்கியை வைத்தாள். மணல் பீறிட்டு அவருடைய வெள்ளை வேட்டியின்மீது கொட்டியது. அவர் மறுபடி கத்தினார். கத்துவதற்குத் திறந்த வாயில் புழுதி புகுந்தது. இருமிக்கொண்டே வெளியே வந்தார். வேப்ப மரத்தைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருமினார். கண்ணில் நீர் வழிந்தது.

"உள்ள நிக்க முடியலியேப்பா" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

அழகுபாண்டி கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கினார். "இம்புட்டு மணலா அந்தச் சட்டத்துக்குள்ள கெடந்துச்சு? உள்ள யாரு நிக்கிறது? ஆளே தெரியல."

"எம் பொஞ்சாதி கனகா" என்றான் பீமாராவ். அந்தப் பட்டறையில் அவளுடைய பெயரைக் கேட்பவர் நிமிர்ந்து பார்க்கும்படி அவன் சொன்னது அன்றுதான்.

காசிமாயன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்ப்ரசரை நோக்கி வந்தார். பீமாராவ் பொத்தானுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

"நிப்பாட்டு."

"தொப்பிக்குள்ள ஆளு இருக்குண்ணே."

"யாரு இருக்கான்னு எனக்குத் தெரியாதா? தள்ளு."

"யாரா இருந்தாலும், ஆளு உள்ள இருக்கையில நிப்பாட்டக் கூடாது. மூச்சு அதுலதேன் போகுது."

"எனக்கே சொல்லித் தாரியா? ரூமக் காலி பண்ணணும், தெரியும்ல?"

"தெரியும்ணே."

"பிள்ளைய வச்சுக்கிட்டுத் தெருவுல நிப்ப."

"நிக்கிறோம். நீங்க தொடாதீங்க."

காசிமாயனின் கை நீண்டபடியே நின்றது. பீமாராவ் அந்தக் கையைப் பிடிக்கவில்லை, தள்ளவுமில்லை, நின்ற இடத்தை விட்டு நகரவுமில்லை. மருது டப்பாக்களை வேர்மேல் வைத்துவிட்டுத் துண்டை விரித்து உட்கார்ந்தான். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லண்ணே. முடிக்கட்டும்" என்றான். அழகுபாண்டி காசிமாயனின் முழங்கையைத் தொட்டு, "விடு மாப்ள, எங்கப்பா வண்டியில பாவத்த ஏத்தாத" என்று மெல்லச் சொன்னார்.

கை இறங்கியது. நால்வரும் வெளியே காத்திருந்தார்கள். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. தகரத்துக்குள் கனகா, சட்டத்தின் அடுத்த பக்கத்துக்குப் போய்ச் சுத்தியலால் தட்டத் தொடங்கினாள்.